பார்வையில் மின்னும் வளைகோடு: எந்த மருத்துவம் யாருக்கு?

ஒற்றைத் தலைவலிக்காரர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு வலி வருமுன் கண்ணில் ஒரு முன்னறிகுறி தோன்றும். முதலில் சிறு ஒளிப்புள்ளி. பிறகு அது ரம்பப்பல் போன்ற ஓரத்தோடு மின்னும் வளைகோடாக விரியும். அதற்குள் இருப்பது எதுவும் தெரியாது. 5 நிமிடம் முதல் 60 நிமிடத்துக்குள் தானே கலைந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டும்போது வந்தால் வேறு யோசனையே வேண்டாம், ஓரமாக நிறுத்திவிடுங்கள். பார்வை முழுதாகத் திரும்பும்வரை வண்டியைத் தொடாதீர்கள்.

கண்ணில் தெரிவதால் பலர் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை. மூளையின் பின்பகுதியில், பார்வைக்கான புறணியில், நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஓர் அலை நகர்கிறது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த வளைகோட்டை வரைந்து பார்த்தே 1941இல் இந்த வேகத்தைக் கணக்கிட்டார்.

கண் டாக்டரா, நரம்பியல் டாக்டரா? அது நடக்கும்போதே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. இரண்டிலும் தெரிந்தால் நரம்பியல். காட்டாங்குளத்தூர்க்காரர்களுக்கு எஸ்.ஆர்.எம். மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. செலவு யோசிப்பவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்ததுபோல் மறைந்தால் அன்றே கண் மருத்துவம் பாருங்கள். 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு மின்சார ரயிலிலேயே போகலாம். ஆனால் கை கால் திடீரென்று தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108தான். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் வளைகோடு முதல்முறையாக வந்தாலும், ஒரு மணி நேரம் தாண்டியும் கலையாவிட்டாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வளைகோட்டை அந்த நேரத்தில் நிறுத்தும் மாத்திரை என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மாத்திரை பின்னால் வரும் வலிக்குத்தான். இப்யூபுரோஃபன், நாப்ரோக்ஸன் போன்றவற்றை முன்னறிகுறியின்போதே போட்டுக்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. குமட்டல் இருந்தால் டாக்டர் டோம்பெரிடோன் சேர்த்துக் கொடுப்பார். இவை போதாதபோது சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் வகை. இவற்றை வலி தொடங்கியதும் போட வேண்டும், வளைகோடு தோன்றியதும் அல்ல. இதய நோயாளிகளுக்கு இவை கூடாது. மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் பழக்கம் இங்கேதான் கெடுதல் செய்கிறது: டிரிப்டானை மாதம் 10 நாள், சாதாரண வலி மாத்திரையை 15 நாள் என்று தொடர்ந்து எடுத்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

எப்போதாவது வந்து போகிறவர்களுக்குத் தினசரி மாத்திரை வேண்டாம் என்பதே என் கருத்து. தூக்கம், பட்டினி, வெயில், வந்த தேதி இவற்றை ஒரு நோட்டில் குறித்துவந்தால் பாதி வழி தெரிந்துவிடும். மாதம் நாலு முறைக்கு மேல் வந்தால், அல்லது பார்வைக் கோளாறே வேலையைக் கெடுத்தால், தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். ப்ரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஃப்ளூனரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். மனச்சோர்வு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். டோபிரமேட் எடையைக் குறைக்கும், விரல் நுனி மதமதக்கும், கர்ப்பத்தில் கூடாது. வலி குறைவு, வளைகோடுதான் தொல்லை என்பவர்களுக்குச் சில டாக்டர்கள் லாமோட்ரிஜின் எழுதுவார்கள். அளவை மெல்லத்தான் ஏற்ற வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். எதுவானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

பெண்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இந்த முன்னறிகுறியோடு சேர்ந்தால் பக்கவாத அபாயம் கூடுகிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வேறு கருத்தடை முறைகள் இருக்கின்றன.