நீண்ட கை



நம் பேச்சு வழக்கில் ஒருவருக்குக் 'கை நீளம்' என்றால் அது நல்ல சொல் அல்ல. பிறர் பொருளில் கை வைப்பவர் என்று அர்த்தம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடம், அவர்களில் கை நீளமானவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று அறிவித்தார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20-ல் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான் உட்பொருள் விளங்கிற்று. அவர்கள் குள்ளமானவர்கள். ஆயினும் தோலைப் பதனிட்டும் தைத்தும் கையால் உழைத்து, கிடைத்ததை ஏழைகளுக்கு ஈந்தவர்கள். அங்கே நீளம் என்பது ஈகையின் நீளம்.

தர்மம் செய்யுமாறு ஏவப்பட்டபோது, கையில் ஏதுமில்லாத தோழர்கள் கடைவீதிக்குப் போய்ச் சுமை தூக்கி, கூலியாகக் கிடைத்த தானியத்தைத் தர்மமாகக் கொடுத்ததை அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இல்லை என்பதை அவர்கள் சாக்காக்கவில்லை. கொடுப்பதற்காகவே சம்பாதித்தார்கள்.

இன்று இந்தப் பாடம் நமக்கு ஏன் வேண்டும்?

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம்பருவத்தினருக்கும் புற்றுநோய் காண்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வசதியுள்ள நாடுகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 பேர்கூட இல்லை. நோய் ஒன்றுதான், வித்தியாசம் வசதியில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வதுண்டு. வண்டிச் சத்தம், தங்குமிடம், வேலைக்குப் போகாமல் இழந்த கூலி ஆகியவற்றைத் தாங்க முடியாமல், பாதியிலேயே பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகும் பெற்றோர் உண்டு. காப்பாற்றக்கூடிய உயிர் அங்கே கைநழுவுகிறது.

அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஸ்காட் என்ற சிறுமிக்கு ஒரு வயது நிரம்புமுன்பே புற்றுநோய் கண்டது. 2000-ம் ஆண்டில், 4 வயதில், தன்னைப்போன்ற குழந்தைகளுக்கு உதவ எண்ணி வீட்டு முற்றத்தில் எலுமிச்சைச் சாறு விற்றாள். முதல் விற்பனையில் 2,000 டாலர் சேர்ந்தது. ஆண்டுதோறும் தொடர்ந்தாள்; பிறரும் சேர்ந்துகொண்டனர். 2004-ல், 8 வயதில் அவள் இறக்குமுன் 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டிருந்தது. நம் வீடுகளில் தொதல் கிண்டவும், நானகத்தா சுடவும், ஓலைப்பெட்டி முடையவும், பாய் நெய்யவும் தெரிந்த கைகள் எத்தனை! சிந்திப்போமாக.

ஆனால் தர்மத்திற்கென்று விற்பதிலும் பேண வேண்டிய ஒழுங்குகள் உண்டு.

1. நிய்யத்: நம் சமையலின் பெயருக்காக அல்ல, அல்லாஹ்வின் பொருத்தத்திற்காகவே செய்கிறோம் என்பதை உள்ளத்தில் உறுதிப்படுத்திக்கொள்வோம்.

2. சரக்கு: ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். நல்ல காரியம் என்பதற்காக நேற்றைய பலகாரத்தை இன்றையது என்று தள்ளிவிடலாகாது. எடை குறையலாகாது. முட்டை, வேர்க்கடலை சேர்த்திருந்தால் சொல்லியே விற்க வேண்டும்.

3. கணக்கு: 20 ரூபாய்ப் பொட்டலத்தில் 12 ரூபாய் செலவைக் கழித்து 8 ரூபாயைத்தான் கொடுப்போமானால், 'முழுத்தொகையும் குழந்தைகளுக்கே' என்று எழுதி வைப்பது பொய். சேர்ந்த பணம் அமானத். அதை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியே வைத்து, வரவு செலவை எழுதி, ஒப்படைத்த ரசீதை வாங்கியவர்களிடம் காட்டுவோம். இல்லையேல் ஜைனப் நாயகியின் நீண்ட கை, நம் ஊர்ப் பேச்சின் நீளக்கையாகிவிடும்!

4. ஜகாத்: பலகாரம் வாங்கியவர் அந்தப் பணத்தை ஜகாத்தில் கழித்துக்கொள்ள முடியாது. அதற்குப் பொருள் பெற்றுக்கொண்டாரல்லவா? ஜகாத் தனிக்கடமை. இதில் விலைக்கு மேல் மனமுவந்து தருவதே ஸதகாவாகும்.

5. கண்ணியம்: முடி உதிர்ந்த பிள்ளையின் படத்தை மாட்டி இரக்கம் தேட வேண்டாம். அந்தப் பிள்ளை நாளை, இன்ஷா அல்லாஹ், குணமாகிப் பள்ளிக்கூடம் போகும்.

இன்னும் ஒன்று. ஆர்வத்தில் பலகாரத் தட்டை ஏந்தி நேராக வார்டுக்குச் சென்றுவிடக் கூடாது. சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். நமக்குத் தீங்கு செய்யாத சிறு கிருமியும் அவர்களுக்கு ஆபத்தாகலாம். பலகாரம் ஊருக்கு விற்கட்டும். பணம் வார்டுக்குப் போகட்டும். வேறு என்ன தேவை என்பதை மருத்துவரிடமும் தாதியரிடமும் கேட்டுச் செய்வோம்.

சேர்ந்தது சொற்பமாயிற்றே என்று தயங்க வேண்டாம். ஒரு தாயின் ஒரு மாத வண்டிச் சத்தத்திற்கு அது போதுமானால், ஒரு பிள்ளையின் சிகிச்சை ஒரு மாதம் முறியாமல் தொடர்கிறது. அது சொற்பமா?

நோயுற்ற மழலைகளுக்கு எல்லாம் வல்ல அல்லாஹ் பூரண ஷிபாவை அருள்வானாக! கொடுப்பதில் நம் கைகளை நீளச் செய்வானாக! ஆமீன்.