நிரம்பிய மடியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பத்து வருடத்துக்கு முன் ஒரு சந்தையில் கன்னி இனத்து ஆடு ஒன்று வாங்கினேன். ஈன்று நான்கு நாள் ஆகியிருந்தது. பின்னங்கால்களுக்கு நடுவே மடி சின்னப் பானை மாதிரி தொங்கியது. காம்பு இரண்டும் விறைத்து நின்றன. கூடவே இரண்டு குட்டிகள். "மடியப் பாருங்க அண்ணாச்சி, மூணு குட்டிக்குக்கூடக் காணும்" என்றார் விற்றவர். நானும் மடியைத்தான் பார்த்தேன். முதுகு வளைந்து, வயிறு ஒட்டி, விடாமல் கத்திக்கொண்டு நின்ற குட்டிகளைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குட்டிகளை ஊட்ட விட்டேன். முட்டி முட்டிக் குடித்து ஓய்ந்த பிறகும் மடியின் அளவு குறையவே இல்லை. கை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் இளகியிருந்தது. மறுபக்கம் உள்ளே கட்டி கட்டியாகக் கல் மாதிரி இருந்தது. பத்தாம் நாள் ஒரு குட்டி செத்துப்போனது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் கன்னி ஆட்டையும் கொடி ஆட்டையும் கறிக்காகத்தான் வளர்க்கிறோம். பால் கறந்து விற்கும் வழக்கம் கிடையாது. அதனாலேயே நிறம், உயரம், காது நீளம், முகத்துக் கோடு எல்லாம் பார்க்கிறவர்கள்கூட மடியைக் குனிந்து பார்ப்பதில்லை. குட்டி பிழைப்பதும் எடை ஏறுவதும் முதல் ஒன்றரை மாதம் அந்த மடியை நம்பித்தான் நடக்கிறது. மடியைப் பற்றி நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகள் வருடாவருடம் குட்டிகளைக் கொல்கின்றன.

"பெரிய மடி இருந்தா நிறையப் பால் இருக்கும்"

மடிக்குள் பால் சுரக்கும் திசுவும் இருக்கலாம், வெறும் சதையும் கொழுப்பும் இருக்கலாம், பழைய மடிநோயின் தழும்பும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். போதாக்குறைக்கு, சந்தைக்கு வரும் ஆட்டுக்குக் காலையிலிருந்து குட்டியை விடாமல் வைத்திருப்பார்கள். எந்த மடியும் அப்போது புடைத்துத்தான் நிற்கும்.

ஆகவே மடியை இரண்டு தடவை பார்க்க வேண்டும்: குட்டி குடிப்பதற்கு முன்பு ஒரு தடவை, குடித்த பிறகு ஒரு தடவை. நல்ல மடி குடித்து முடித்ததும் காலிப் பை மாதிரி சுருங்கும். தோல் மடிந்து தொய்யும். விரலால் பிசைந்தால் மிருதுவாக இருக்கும். சதை மடி அப்படிச் சுருங்காது. வெள்ளாட்டு மடி இரண்டு தனித்தனிப் பாகங்கள் கொண்டது. ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது. இரண்டையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பாகம் செத்திருந்தால் இரட்டைக் குட்டியில் ஒன்று பட்டினிதான். டம்ளர் வாயில் கறுப்புத் துணியை விரித்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சு பாலை அதில் விடுங்கள். திரி திரியாக ஏதாவது தங்கினால் அந்த ஆடு வேண்டாம்.

பிறகு பின்னாலிருந்து பாருங்கள். மடி வயிற்றோடு அகலமாக ஒட்டியிருக்க வேண்டும்; அடிப்பாகம் பின்னங்கால் முட்டிக்கு மேலேயே நிற்க வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிய காட்டில் மேயும் ஆட்டுக்கு இது அழகுக்காகச் சொல்வதல்ல. தொங்கும் மடியை முள் கிழிக்கும், கிழிந்த இடத்தில் கிருமி ஏறும். ஜமுனாபாரியின் நீண்ட காம்பையும் பெருத்த மடியையும் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா பக்கத்து ஆடு அது. அங்கே பாலுக்காகவும் வளர்க்கிறார்கள். நம் முள்காட்டில் விட்டு மேய்ப்பதற்கு வேறு மாதிரி மடி தேவை.

காம்பு விரல் பருமனில், மடியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். சுரைக்காய் மாதிரி உப்பிய காம்பைப் புதுக்குட்டியால் கவ்வ முடியாது. இரண்டு கிலோ குட்டியின் வாய் எவ்வளவு சிறியதென்று விரலை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று, நான்கு காம்பு இருப்பதைச் சிலர் யோகம் என்கிறார்கள். அந்த உபரிக் காம்புகளில் பல குருட்டுக் காம்புகள். விவரமறியாத குட்டி அதையே சப்பிச் சப்பி ஏமாறும். குட்டி தெம்பாக இருக்கிறதா என்று தெரிய, அதன் வாய்க்குள் விரலை விடுங்கள்: வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை, சில்லென்றிருந்தால் உடனே ஏதாவது செய்யுங்கள்.

"இளங்கொடி விழுற வரைக்கும் குட்டியை ஊட்ட விடக்கூடாது"

இதை நல்ல மனிதர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் அப்பாவும் சொன்னார். ஆனால் முழுத் தவறு. ஆட்டின் கருப்பையிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்கு வந்து சேர்வதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. அது பெறவேண்டிய எதிர்ப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. அதைக் குடல் அப்படியே உறிஞ்சும் தன்மை பிறந்த முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். பிறகு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய முடிந்துபோகும். இளங்கொடிக்காக ஆறு மணி நேரம் காத்திருந்தால் அந்த நல்ல நேரம் போய்விடும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 200 மில்லி சீம்பால் வேண்டும், அதில் பாதியாவது முதல் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குட்டி காம்பைச் சப்பும்போது தாயின் உடம்பில் சுரக்கும் ஆக்ஸிடோசின் பாலை இறக்குகிறது. அதே ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கவும் வைக்கிறது. அதாவது, ஊட்ட விட்டால் இளங்கொடி விழத்தான் உதவும். பன்னிரண்டு மணி நேரமாகியும் விழவில்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், பிடித்து இழுக்காதீர்கள்.

ஈன்றதும் நான் முதலில் செய்வது மடியைத் துடைத்து, இரண்டு காம்பிலும் ஒரு பீச்சு பீச்சிவிடுவது. காம்புத் துளையில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும். வலுவில்லாத குட்டியால் அதை உடைக்க முடியாமல் போகலாம். சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பேதியாகும் என்று பயந்து அதைத் தரையில் பீச்சிவிடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

"தலை ஈத்துல குட்டியத் தள்ளுன ஆடு உதவாது"

தள்ளியது ஆடா, நாமா என்று முதலில் பார்க்க வேண்டும். 1964-ல் பீட்டர் கிளாஃபர் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஈன்றதும் ஐந்து நிமிடம் குட்டியோடு இருந்த தாய் ஆடுகள், பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்துச் சேர்த்தாலும் தம் குட்டிகளை ஏற்றன. பிறந்த உடனேயே பிரிக்கப்பட்ட குட்டிகளைப் பெரும்பாலும் முட்டித் தள்ளின. நக்கி, மோந்து, வாசம் பழகுவது அந்த முதல் நிமிடங்களில்தான். நாமோ குட்டியைத் தூக்கி வந்து, துடைத்து, கழுவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டிவிட்டுக் கொண்டுபோய் விடுகிறோம். தொந்தரவு செய்யாமல் விட்டும் இரண்டாம் ஈத்திலும் தள்ளுகிற ஆட்டை நான் வைத்துக்கொள்வதில்லை. தலை ஈத்தில் பாலும் குறைவாகத்தான் இருக்கும். மூன்றாம், நான்காம் ஈத்து வரை கூடும்.

தீனியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்து மாதச் சினையில் கடைசி ஒன்றரை மாதம்தான் குட்டி வேகமாக வளரும், மடியும் கட்டும். அப்போது காய்ந்த சருகை மட்டும் தின்ன விட்டுவிட்டு, பிறகு மடியைக் குறை சொல்வது நியாயமில்லை.

"கண்ணுபட்டு மடி வீங்கிருச்சு"

வீங்க வைப்பது காம்புத் துளை வழியாக ஏறும் கிருமி. ஈரத் தரை, முள் கீறல், குட்டியின் பல் பட்ட புண் எல்லாம் அதற்கு வழிவிடும். மடி நீலம் பாரித்துச் சில்லென்று ஆனால் அது அழுகல். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பிழைத்தாலும் அந்தப் பாகம் திரும்பாது.

"மூணு போடுற ஆடுதான் உசத்தி"

போடுவது மூன்று, தேறுவது எத்தனை? ஈன்ற நான்கைந்து வாரத்தில்தான் ஆட்டின் பால் உச்சத்துக்கு வரும். எனவே முப்பதாம் நாள் குட்டிகளின் எடையே தாயின் பால் கணக்கு. ஒரு தொங்கு தராசும் சாக்குப்பையும் போதும். ஒற்றைக் குட்டி ஐந்தரைக் கிலோ நின்றால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பக்கத்தில் இரட்டைக் குட்டிகள் தலைக்கு நான்கு கிலோ என்றால் நோஞ்சானாகத் தெரியும். ஆனால் அந்தத் தாய் எட்டுக் கிலோ வளர்த்திருக்கிறாள். பெட்டைக்குட்டி விடுவதென்றால் நான் அவள் குட்டியைத்தான் விடுவேன்.

"கிடாவுக்கும் மடிக்கும் என்ன சம்பந்தம்?"

நாம் அதிகம் இழப்பது இந்த நம்பிக்கையால்தான். மடியின் அமைப்பு, காம்பின் அளவு, உபரிக் காம்பு இவையெல்லாம் ஓரளவு பரம்பரையில் இறங்குபவை. பாதி தகப்பன் வழியாக வருகிறது. ஒரு பெட்டை தன் வாழ்நாளில் தரும் மகள்களை விரலில் எண்ணிவிடலாம். இருபத்தைந்து முப்பது பெட்டைக்கு ஒரு கிடா விட்டால், அடுத்த தலைமுறை மடி மொத்தத்திலும் அவன் பங்கு இருக்கும். கிடாவுக்கும் விதைப்பைக்கு முன்னால் சிறு காம்புகள் உண்டு. அவை இரண்டே இரண்டாக, பிளவில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவன் தாயின் மடியைப் பார்ப்பது. சந்தையில் வாங்கினால் அது முடியாது. அக்கம்பக்கத்துப் பட்டியில் தாயோடு நிற்கும்போதே கிடாவைப் பேசிவிட வேண்டும்.

நாம் செய்வது நேர்மாறு. நன்றாகத் தேறிய கிடாக்குட்டி கோயில் கொடைக்கோ, பக்ரீத்துக்கோ, தீபாவளிக்கோ போய்விடும். விலை போகாமல் நின்றது பொலிகிடாவாகிவிடும். சரி, பெரிய குட்டியாகவே நிறுத்தலாம் என்றால், அது பெரும்பாலும் ஒற்றையாகப் பிறந்து இரண்டு காம்பையும் தனியாகக் குடித்த குட்டியாக இருக்கும்.

என் பட்டியில் நான்காம் ஈத்து ஆடு ஒன்று நிற்கிறது. மடி சின்னது; சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான்கு ஈத்திலும் இரட்டை, எட்டும் பிழைத்தன. போன ஈத்தின் கிடாக்குட்டியை ஆடிக் கொடைக்கு நல்ல விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. தாய் வழி வேறான பெட்டைகளோடுதான் அவனை விட்டிருக்கிறேன். அவனுடைய மகள்கள் வளர்ந்து, ஈன்று, மடி விட்ட பிறகு மறுபடியும் தராசை எடுக்க வேண்டும்.