ஆனையிறவிலிருந்து தொடங்கும்

அன்புத் தங்கச்சிக்கு,

உயர்தரப் பிள்ளைகள் மூல் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர். அவர்களுக்குப் பெருக்கவும் வகுக்கவும் நன்றாகவே தெரியும். எதை எண்ணுகிறோம் என்பதுதான் பிடிபடுவதில்லை. அதற்குப் புரோமீனைப் போல உதவும் மூலகம் வேறில்லை. ஒரு மூல் புரோமீன், அணுவை எண்ணினால் 80 கிராம், மூலக்கூறை எண்ணினால் 160 கிராம். (80 திணிவுள்ள புரோமீன் அணு இயற்கையில் கிடையாது, 79உம் 81உம் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்திருக்கின்றன. இதையும் சொல்லும், சராசரி என்பதை மறக்கமாட்டார்கள்.)

வினாத்தாள் கணக்கை ஒரு கிழமை தள்ளிவையும். ஆனையிறவு உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் புரோமைட்டுச் செறிந்து நிற்கிறது. 1826இல் பிரான்சின் மொன்பெலியேயில் பலார் என்ற இளைஞர், உம்முடைய வயதுக்காரர், இப்படியான உப்பளக் கசப்புநீரில் குளோரீனைச் செலுத்தித்தான் புரோமீனைக் கண்டுபிடித்தார். எங்களிடமோ, ஆனையிறவைக் கடக்கும் அதே கண்டி வீதியில் சற்றுத் தெற்கே, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை மின்பகுத்துக் குளோரீன் எடுத்தது. புரோமைட்டு, குளோரீன் என்று சமன்பாட்டின் இடப்பக்கம் முழுவதும் ஒரே வீதியில் இருந்தது. போர் இரண்டையும் நிறுத்தியது. உப்பளமாவது திரும்ப எழுந்திருக்கிறது. பரந்தனை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

கணக்கை இப்படிக் கொடும். வீட்டுக் கூரையில் இருக்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி நிறையக் கடல்நீர். அதில் புரோமைட்டு சுமார் 65 கிராம், அதாவது 0.81 மூல். குளோரீன் எவ்வளவு வேண்டும்? பாதி வகுப்பு 0.81 என்றே எழுதி 58 கிராம் என்று கொண்டுவரும். திருத்தவேண்டாம். சமன்பாட்டை எழுதச் சொல்லும். இரண்டு புரோமைட்டு அயனுக்கு ஒரு குளோரீன் மூலக்கூறுதான் என்று தாங்களே கண்டுபிடித்து 0.41 மூலுக்கும் 29 கிராமுக்கும் வருவார்கள். கிடைக்கும் புரோமீன் அடர்த்தி கூடிய திரவம். தாங்கி முழுவதற்கும் 21 மில்லிலீற்றர்தான். ஒரு சோதனைக்குழாயில் அடங்கிவிடும்.

அனுமதி கேட்டு ஒரு போத்தல் கசப்புநீர் எடுத்துவாரும். சிறிதளவில் குளோரீன் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சைக்கிளோஎட்சேன் சேர்த்துக் குலுக்கினால் மேல்படை செம்மஞ்சளாகும். யன்னல்களைத் திறந்துவையும். சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
உமது பழைய ஆசிரியர்