அழைப்பிதழில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றிருந்தால்

ஜெயமங்கலத்திலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ விருந்துக்குப் புறப்படும் ஆடவர், அழைப்பிதழின் அடியில் இவ்விரு சொற்களைக் கண்டு கோட்டும் டையும் தேடி அலைய வேண்டா.

1. காலர் வைத்த பருத்திச் சட்டையே உசிதம். காலரை முனைகளிலிருந்து நடுப்பகுதி நோக்கித் தேய்த்தால் நுனியில் சுருக்கம் விழாது.

2. வெளுத்த ஜீன்ஸை விடுத்து அடர்நீலப் பேண்ட் அணிக. கால் நீளம் மிகுந்து பாதத்தில் குவிந்தால் புதுத் துணியும் இரவல் போலத் தோன்றுமாதலின், தையற்காரரிடம் குறைத்துக்கொள்க.

3. ரப்பர் செருப்பு கூடாது. தோற்செருப்பு போதும்.

4. பஸ் பிரயாணத்தில் வியர்வை படியுமாதலால், விருந்துச் சட்டையைப் பையில் வைத்து, இறங்கியபின் மாற்றுக.

5. வேட்டியே சௌகரியமெனில் தயங்காது உடுத்துக: 2014-இல் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றத்தில் நீதிபதி ஹரிபரந்தாமன் வேட்டி உடுத்திச் சென்றமையால் அனுமதி மறுக்கப்பட்டதை அடுத்து, அவ்வாண்டே தமிழக சட்டமன்றம் இயற்றிய சட்டம், மன்றங்கள் முதலிய பொது இடங்களில் வேட்டியைத் தடுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மடித்துக் கட்டியிருப்பின் மட்டும் வாயிலிலேயே இறக்கிவிடுக. பெரியோர் முன்னிலையில் அதுவே மரியாதை.