பஸ்ஸில் பேசாமல் நிற்பது சம்மதமா?

கேள்வி: வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் வேண்டுமென்றே உரசுகிறார். "சத்தம் போடாதே, மானம் போகும்" என்கிறார் அம்மா. என்ன செய்வது?
– வாசகி, பாமன்கடை

பதில்: தங்கச்சி, உங்களில் ஒரு பிழையும் இல்லை. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கை முழுவதும் ஆய்வு நடத்தியது. பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக 90 வீதமான பெண்கள் சொன்னார்கள். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. இந்த இரண்டாவது எண்தான் என்னை வேதனைப்படுத்துகிறது. காலி வீதி நெரிசலில், கம்பியைப் பிடித்தபடி விலக இடமில்லாமல் வாய்மூடி நிற்பது சம்மதம் ஆகாது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இப்படி உரசுவதற்கு 5 ஆண்டுவரை சிறை என்கிறது. கொண்டக்டரிடம் உரத்துச் சொல்லுங்கள். பஸ் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, 1938 மகளிர் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அம்மாவுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.