ஹாஷ் உடைந்தது என்றால் எது உடைந்தது?

எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதைக் குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கித் தருவது ஹாஷ். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் அடியோடு மாறிவிடும். இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வந்தால் அது ‘மோதல்’. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் சில:

நம்பிக்கை: நல்ல ஹாஷில் மோதலே கிடையாது.

உண்மை: உண்டு, கணக்கில்லாமல் உண்டு. ஷா-256 என்ற ஹாஷ் தருவது 256 பிட்தான். கோப்புகளுக்கோ அளவே இல்லை. அந்த மோதல்களில் ஒன்றைக்கூட யாராலும் தேடிப் பிடிக்க முடியாதபடி இருப்பதே நல்ல ஹாஷ்.

நம்பிக்கை: மோதலெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

உண்மை: எம்.டி.5 என்ற ஹாஷில் மோதலைச் சீனாவின் வாங் ஷியாவ்யுன் குழு 2004-இல் காட்டியது. 2012-இல் பிடிபட்ட ஃப்ளேம் உளவு மென்பொருள், எம்.டி.5 மோதலைக் கொண்டு மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்தைப் போலியாக உருவாக்கி, விண்டோஸ் அப்டேட் வேஷத்தில் பரவியது. 2017 பிப்ரவரியில் ஷா-1 என்ற மற்றொரு ஹாஷின் முறை. ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் கூகுளும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன. ஒன்றின் பின்னணி நீலம், மற்றதன் பின்னணி சிவப்பு. இரண்டும் 4,22,435 பைட். ஷா-1 மதிப்பும் ஒன்றே. ஷா-256 போட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

நம்பிக்கை: இனி என் கோப்பின் ஹாஷுக்கு யார் வேண்டுமானாலும் போலி செய்யலாம்.

உண்மை: முடியாது. மோதலில் இரண்டு கோப்புகளையும் செய்பவர் மோசடிக்காரரே. ஏற்கெனவே இருக்கும் கோப்புக்கு ஜோடி தேடுவது வேறு வேலை, எம்.டி.5-இல்கூட நடைமுறையில் அது கைகூடவில்லை.

நம்பிக்கை: எம்.டி.5 போட்ட மின்னணுச் சாட்சியம் குப்பை.

உண்மை: இந்தியாவின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023-இல் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே ஷா-1, ஷா-256, எம்.டி.5 மூன்றுக்கும் இடமுண்டு. கைப்பற்றிய கோப்பில் பிறகு எவரேனும் கைவைத்தார்களா என்று பார்க்க எம்.டி.5 இப்போதைக்குத் தாங்கும். கோப்பைத் தயாரித்துக் கொண்டுவந்தவரே வழக்கில் ஒரு தரப்பு என்றால் கதை வேறு: ஒரே ஹாஷில் இரண்டு கோப்புகளை முன்கூட்டியே செய்துவைத்து, வேண்டியபோது மாற்றி நீட்ட அவரால் முடியும். அங்கே ஷா-256 மதிப்பைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். அதைக் கணக்கிட எந்தக் கணினியிலும் தனிச் செலவு இல்லை.