இரண்டு வாசல், ஒரே உறுதிமொழி

கண்ணு, பதினோராம் வகுப்பு முடிவதற்குள்ளேயே அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டாய். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிக்குப் போவதா, கல்லூரிப் படிப்போடு அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தின் ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு வேறு கல்லூரியில் சேர்வதா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு வழியாகவும் வந்தவர்களோடு சீருடையில் காலம் கழித்தவன் நான். பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேள்.

1. முதலில் ‘ஏன்’ என்பதற்குப் பதில் தேடு. அகாடமியில் சேரத் தேவையான நாமினேஷன், அதாவது காங்கிரஸ் உறுப்பினர் அல்லது செனட்டரின் பரிந்துரை, கேட்டு வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்யும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மார்க் பட்டியல் மின்னும். ஏன் வந்தாய் என்றால், “படிப்புச் செலவு மிச்சம்” என்பார்கள். ஒரு பையன் மட்டும், தன் பள்ளி ஓட்டக் குழுவுக்குத் தலைவனாக இருந்தும், பயிற்சியில் கடைசியாக வருகிறவனோடு சேர்ந்து ஓடுவதாகச் சொன்னான். “அவன் தனியாக ஓடினால் நின்றுவிடுவான் சார்” என்றான். குழுவில் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

2. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தாதே. வெஸ்ட் பாயிண்ட் 1802-இல் பிறந்தது, ஆர்.ஓ.டி.சி.க்கு 1916-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தளபதி ஐசன்ஹோவர் அகாடமியில் படித்தவர். முப்படைத் தலைமைத் தளபதிகள் குழுவின் தலைவராக உயர்ந்த காலின் பவல், நியூயார்க் சிட்டி காலேஜில் ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்து 1958-இல் அதிகாரியானவர். எந்த வழியில் வந்தாலும் தரைப்படையில் முதல் நாள் செகண்ட் லெப்டினன்ட்தான். எடுக்கும் உறுதிமொழியும் ஒன்றுதான்.

3. பெயரைப் பார்த்துச் சேராதே, அந்த நாலு வருட வாழ்க்கையைப் பார்த்துச் சேர். அகாடமியில் வகுப்பு தொடங்கும் முன்பே கோடைப் பயிற்சி உன்னைப் புரட்டிப் போடும். அதன் பிறகும் எழுவது, உண்பது, உடுத்துவது எல்லாம் அவர்கள் வகுத்த கணக்கு. இலக்கியம் படிக்கப் போனாலும் கணிதமும் அறிவியலும் பொறியியலும் கட்டாயம். ஆர்.ஓ.டி.சி.யில் உன்னை எழுப்ப ஆள் இல்லை. உறவுக்காரப் பெண் ஒருத்தி, அறைத்தோழியின் தூக்கம் கலையக்கூடாது என்று, விடியும் முன்பே வெளி வராந்தாவில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டு பயிற்சிக்கு ஓடுவாள். முந்தின இரவு விடுதியே கொண்டாட்டத்தில் இருந்திருக்கும். பிறர் வைத்த கட்டுப்பாட்டில் நீ வளர்வாயா, நீயே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டிலா? இதற்கு உன் பதில்தான் பாதி முடிவு.

4. ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு மயங்காதே. அகாடமியில் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு. கையில் கொஞ்சம் சம்பளமும் உண்டு. தரைப்படை ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப் கல்விக் கட்டணத்துக்கோ தங்கும் செலவுக்கோ, இரண்டில் ஒன்றுக்குத்தான்; புத்தகப் பணமும் மாதப் படியும் தனி. ஸ்காலர்ஷிப் வேறு, கல்லூரி இடம் வேறு என்பதையும் மறக்காதே. ஸ்காலர்ஷிப் கடிதம் வந்ததும் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்த ஒரு வீட்டில், கல்லூரி இடம் தராததும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். வாங்கிய படிப்புக்கு உழைப்பால் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இரண்டு வழிக்கும் மொத்தக் கடப்பாடு 8 ஆண்டு. அகாடமியில் படித்தவர் அதில் குறைந்தது 5 ஆண்டு முழுநேரப் பணியில் இருக்க வேண்டும், ஆர்.ஓ.டி.சி.யில் வந்தவருக்கு நேஷனல் கார்டு, ரிசர்வ் படை என்ற பகுதிநேரப் பணி வழிகளும் உண்டு. யோசிக்க அவகாசம் தருகிறார்கள்: அகாடமியில் மூன்றாம் ஆண்டு தொடங்கும் வரை, நாலு வருட ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்பில் இரண்டாம் ஆண்டு தொடங்கும் வரை. அதற்குப் பிறகு சொன்ன சொல் சொன்னதுதான்.

5. உன் வேலையை நீயே செய். வெஸ்ட் பாயிண்டுக்கும், அனாபொலிஸ் கடற்படை அகாடமிக்கும், கொலராடோவில் உள்ள விமானப்படை அகாடமிக்கும் நாமினேஷன் வேண்டும். உன் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கும் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் தனித்தனியே விண்ணப்பி. பதினோராம் வகுப்பு வசந்தத்திலேயே தொடங்கு. ஆர்.ஓ.டி.சி.க்கும் கடலோரக் காவல்படை அகாடமிக்கும் நாமினேஷன் தேவையில்லை. நம் வீடுகளில் அப்பாவே போன் போட்டு விசாரிப்பார், அம்மாவே படிவம் நிரப்புவார். அன்புதான், ஆனால் நாளை வீரர்களை நடத்தப் போவது நீ. இன்னொன்று: இரண்டு வழிக்கும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. வீட்டில் இதை இப்போதே பேசு.

6. மருத்துவப் பரிசோதனையில் எதையும் மறைக்காதே. பதின்மூன்று வயதுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால் கேள்வி வரும்; விலக்கு கேட்கவும் வழி உண்டு. பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே, அப்படிச் செய்கிறவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது என்பதுதான் வெஸ்ட் பாயிண்டின் ஒழுக்க நெறி. படிவத்தில் ஒரு கட்டத்தைப் பொய்யாக நிரப்பிவிட்டு அந்த நெறிக்குள் நுழைய முடியாது. உண்மை சொல்லி இழந்த இடம் இழப்பே அல்ல.

7. ஒரு கதவு மூடினால் துவண்டுவிடாதே. கடற்படைத் தளபதி நிமிட்ஸ் ஆசைப்பட்டது வெஸ்ட் பாயிண்டுக்கு. இடம் இல்லை என்றதும் அனாபொலிஸ் போனார். ஐசன்ஹோவர் ஆசைப்பட்டது அனாபொலிஸுக்கு. வயது கடந்துவிட்டதால் வெஸ்ட் பாயிண்ட் போனார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படை ஒருவர் கையில், ஐரோப்பாவில் நேச நாட்டுப் படை மற்றவர் கையில். அதே போரின் தரைப்படைத் தளபதி பாட்டனோ கணிதத்தில் தவறி, அகாடமியின் முதல் ஆண்டைத் திரும்பப் படித்தவர். இந்த வருடம் அகாடமி கிடைக்காவிட்டால் கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்து உழை. விருப்பம் இருந்தால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பி. கல்லூரியில் சேர்ந்த பிறகும் ஸ்காலர்ஷிப் பெற வழியுண்டு.

8. இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. இரண்டுக்கும் மனதார உழை. ஒரு நாள் ஒரு பிளாட்டூன் உன் கையில் வரும், முப்பது நாற்பது பேர். நீ எங்கே படித்தாய் என்று அவர்கள் ஒரு தடவை கேட்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடுகிறாயா, தவறு நடந்தால் பொறுப்பை ஏற்கிறாயா என்று தினமும் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்துக்கு அகாடமியும் வேண்டாம், ஸ்காலர்ஷிப்பும் வேண்டாம். இன்றைக்கே வீட்டிலும் பள்ளியிலும் தொடங்கு.